மணமக்களுக்கு மட்டும் கார்: ஒரு சிற்றூர் நகராட்சி எடுத்த முடிவு

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில், கலீசியா மாநிலத்தில் பொன்தெவேத்ரா என்று ஓர் ஊர் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 83,000. நம் கணக்குக்கு ஒரு நடுத்தர நகராட்சி. அந்த ஊரின் பழைய நகரப் பகுதியில் கல்யாணம் நடந்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் காரில் வந்து இறங்கலாம். அவர்களைத் தவிர அத்தனை பேரும் நடந்துதான் வர வேண்டும். பெண்ணின் அப்பாவாக இருந்தாலும், ஊரிலேயே பெரிய பணக்காரராக இருந்தாலும் அதுதான் விதி. சாவுக்கும் அப்படியே. துக்கத்துக்கு வருகிறவர்கள் நடந்து வருகிறார்கள்.

இந்த விதியை ராஜாவோ ராணுவமோ போடவில்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த நகராட்சி போட்டது. 1999-ல் இந்தக் கொள்கையைத் தொடங்கிவைத்த மேயரை, அதே மக்கள் 2023 வரை ஏழு தேர்தல்களில் தொடர்ந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

நம் ஊர் எதிலும் காலை பத்தரை மணிக்குக் கடைவீதியில் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் கடை வாசலை ஒட்டி பைக்குகள் வரிசை. அதை ஒட்டி கார்கள். நடுவில் மிஞ்சிய இடத்தில் டவுன் பஸ், லோடு ஆட்டோ, ஷேர் ஆட்டோ, பள்ளி வேன். பாத்திரக் கடைக்குச் சரக்கு இறக்கும் மினி லாரி நின்றால் மொத்த வீதியும் நிற்கும். கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக வரும் பெண், பஸ்ஸுக்கும் பைக்குக்கும் இடையில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போவாள். கேட்டால் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: "வண்டி நிறுத்த இடமில்லை."

இடம் இருக்கிறது. அந்த இடம் யாருக்கு, எவ்வளவு நேரத்துக்கு, என்ன விலைக்கு என்று யாரும் முடிவு செய்யவில்லை என்பதுதான் விஷயம். முடிவு செய்ய வேண்டியது நகர்மன்றம். அதைச் செய்த ஓர் ஊரின் கதை இது.

செத்துக் கிடந்த நகரம்

பொன்தெவேத்ரா பழைய ஊர். லேரெஸ் ஆற்றங்கரையில், மத்திய காலத்தில் கருங்கல்லால் எழுந்த வீதிகள். போர்ச்சுகலிலிருந்து சந்தியாகோ திருத்தலத்துக்கு நடந்து போகும் யாத்திரிகர்களின் பாதை இந்த ஊரின் வழியாகத்தான் போகிறது. அந்த யாத்திரையின் அடையாளமான சிப்பியின் வடிவில் கட்டிய பெரெக்ரினா ஆலயம் ஊர் நடுவில் நிற்கிறது. நடப்பவர்களுக்காகவே பிறந்த ஊர் என்று சொல்லலாம்.

ஆனால் 1990-களின் முடிவில் அங்கே நடக்க முடியவில்லை. ஊர் நடுவில் இருக்கும் ஒரே வீதியில் மட்டும் நாளொன்றுக்கு 14,000 கார்கள் போனதாக மேயர் பின்னாளில் சொன்னார். ஊரில் வாழும் மக்களைவிட, ஒரு நாளில் ஊருக்குள் புகுந்து போகும் கார்கள் அதிகம். அகலம் குறைந்த பழைய வீதிகளில் இரு பக்கமும் கார்கள் நின்றன. புகையும் இரைச்சலும் தாங்காமல் குடும்பங்கள் வெளியேறின. காலியான பகுதியில் போதைப்பொருள் வியாபாரம் புகுந்தது. மாலை மங்கினால் அந்தப் பக்கம் போக ஜனங்கள் தயங்கினார்கள்.

மிகெல் அன்ஷோ பெர்னாண்டெஸ் லோரெஸ் தொழிலால் மருத்துவர். கலீசிய தேசியக் கட்சியைச் சேர்ந்தவர். 12 ஆண்டுகள் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபின் 1999-ல் மேயரானார். அவர் கேட்ட கேள்வி எளியது. கார் ஒருவரின் சொந்தச் சொத்து. தெரு எல்லோருக்கும் பொதுவான சொத்து. சொந்தச் சொத்தைப் பொதுச் சொத்தில் நிறுத்திவைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது? முதியவர்களும் குழந்தைகளும் தெருவில் இறங்க முடியாதபடி செய்யும் உரிமையை யார் கொடுத்தது?

பதவியேற்ற ஒரே மாதத்துக்குள் பழைய நகரத்தின் 3,00,000 சதுர மீட்டர் பரப்பும், ஏறத்தாழ 74 ஏக்கர், நடப்பவர்களுக்கானது என்று ஆனது. வீதிகளில் கருங்கல் பலகைகள் பதித்தார்கள். பின்னர் அந்த எல்லை 18-ம் நூற்றாண்டுப் பகுதிக்கும் விரிந்தது. செலவு மொத்தமும் ஊரின் சொந்தப் பணம். மாநில அரசோ மத்திய அரசோ உதவித்தொகை எதுவும் தரவில்லை.

மூன்று வகை வண்டி

பொன்தெவேத்ராவின் வெற்றிக்குக் காரணம் வெறும் துணிச்சல் இல்லை. அங்கே முதலில் ஒரு கணக்குப் போட்டார்கள். ஊர் நடுவுக்குள் வரும் வண்டிகள் எதற்காக வருகின்றன?

முதல் வகை, ஊரை ஊடுருவிப் போகும் வண்டி. அதற்கு இந்த ஊரில் வேலை இல்லை. குறுக்குவழி என்பதால் உள்ளே வருகிறது. இரண்டாம் வகை, நிறுத்த இடம் தேடிச் சுற்றும் வண்டி. ஒரு காலி இடம் கிடைக்காதா என்று அதே நான்கு தெருக்களைத் திரும்பத் திரும்ப வலம் வருகிறது. மூன்றாம் வகை, உண்மையாகவே உள்ளே வர வேண்டிய வண்டி. சரக்கு இறக்க, நோயாளியைக் கொண்டுவர, மாற்றுத்திறனாளியை அழைத்துப் போக, வீட்டுக்குள்ளேயே கார் நிறுத்த இடம் வைத்திருக்கும் குடியிருப்பவர் வீடு திரும்ப.

நெரிசலை உண்டாக்குவது முதல் இரண்டு வகையும்தான். அவற்றை நீக்கினால் மூன்றாம் வகைக்குத் தாராளமாக இடம் இருக்கும். இது தெரிந்தபின் வேலைகள் தாமாக வரிசை கட்டின.

ஊடுருவும் வண்டி உள்ளே வராமலிருக்க, ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேற முடியாதபடி வழிகளை மாற்றினார்கள். இடம் தேடிச் சுற்றும் வண்டி வராமலிருக்க, நடுவூரின் தெருவோர நிறுத்தங்களையே எடுத்துவிட்டார்கள். தெருவில் இடமே இல்லை என்று தெரிந்தால் யாரும் தேடி வரமாட்டார்கள். பதிலாக நிலத்தடியில் கட்டண நிறுத்தங்கள் வந்தன. ஊரின் விளிம்பில், நடந்துவிடக்கூடிய தூரத்தில், 1,686 கார்களுக்கு இலவச இடம் ஒதுக்கினார்கள். அவசர வேலைக்கு வருபவர்களுக்கும் சரக்கு இறக்குபவர்களுக்கும் குறுகிய நேர அனுமதி உண்டு.

சிக்னல் விளக்குகளைக் கழற்றிவிட்டு ரவுண்டானா வைத்தார்கள். நடைபாதையையும் சாலையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்ததால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் எங்கும் தட்டவில்லை. கார் போகும் வெளிப்பகுதிகளில் வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர். ஊருக்கு வெளியே பிரம்மாண்டமான வணிக வளாகங்கள் கட்ட நகராட்சி அனுமதி மறுத்தது. நடுவூரைக் காலிசெய்துவிட்டு வியாபாரம் வெளியே ஓடிவிடக் கூடாது என்பது அதன் கவலை.

2011-ல் இன்னொரு சின்ன வேலை செய்தார்கள். 'மெட்ரோமினுட்டோ' என்று ஒரு வரைபடம். பார்ப்பதற்கு மெட்ரோ ரயில் வரைபடம் போலவே வண்ணக் கோடுகளும் நிறுத்தங்களுமாக இருக்கும். அந்த ஊரில் மெட்ரோ கிடையாது; கோடுகள் எல்லாம் நடைவழிகள். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடக்க எத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கும். "ரொம்ப தூரம்" என்று நினைத்தது ஆறு நிமிடம், எட்டு நிமிடம்தான் என்று தெரிந்ததும் ஜனங்களுக்குக் கால் தானாக நடந்தது. பின்னர் ஐரோப்பாவின் வேறு பல நகரங்களும் இந்த வரைபடத்தைப் பின்பற்றின.

பலன்? 1996 முதல் 2006 வரையிலான பத்தாண்டில் அந்த வீதிகளில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 30 பேர். அடுத்த பத்தாண்டில் 3 பேர். சாலைப் பாதுகாப்புக்கான ஐரோப்பிய ஆணையத்தின் முதல் நகர விருது இந்த ஊருக்குத்தான் போனது. முன்பு காரில் போன பயணங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இன்று நடையிலோ சைக்கிளிலோ நிகழ்கிறது. கரியமில வாயு வெளியேற்றம் 70 சதவீதம் குறைந்தது. சுற்றுவட்டார ஊர்களில் மக்கள்தொகை சரிந்துகொண்டிருக்க, இந்த ஊரின் நடுப்பகுதிக்கு 12,000 பேர் புதிதாகக் குடிவந்தார்கள். ஒரு காலத்தில் குடும்பங்கள் ஓடிப்போன நடுவூரில் இன்று குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஊர் விளிம்பில் நெரிசல் கூடிவிட்டது என்றும், நிறுத்த இடம் போதவில்லை என்றும் அங்கே புகார்கள் உண்டு. ஆனாலும் பழையபடி கார்களை உள்ளே விடுங்கள் என்று சொல்பவர் அந்த ஊரில் தேர்தலில் ஜெயிக்கவில்லை.

"வண்டி வராவிட்டால் வியாபாரம் போச்சு"

நகர்மன்றத்தில் யார் இந்தப் பேச்சை எடுத்தாலும் முதலில் எழும் எதிர்ப்பு வணிகர்களிடமிருந்துதான். பொன்தெவேத்ராவிலும் எழுந்தது. அந்தப் பயத்தை அலட்சியம் செய்யக் கூடாது. தினசரி வசூலை நம்பி வட்டி கட்டுகிற கடைக்காரருக்கு, ஒரு மாதம் வியாபாரம் படுத்தால் அது வாழ்வா சாவா என்ற கேள்வி.

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977-ல் இதே எதிர்ப்பைச் சந்தித்தது. நகர நடுவை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து பக்கத்துப் பகுதிக்குக் காரில் நேரே போக முடியாதபடி செய்தார்கள். வெளிச்சுற்றுச் சாலைக்குப் போய்த்தான் திரும்பி வர வேண்டும். நடந்தோ சைக்கிளிலோ போனால் நேரே போகலாம். வணிகர்கள் கொதித்தார்கள். திட்டம் நிலைத்தது. இன்று உலகின் முன்னணி சைக்கிள் நகரங்களில் ஒன்று அது.

நம் கடைவீதிகளுக்கு இன்னும் நெருக்கமான பாடம் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பாசடினா நகரில் இருக்கிறது. அதன் பழைய கடைத்தெருப் பகுதி 1980-கள் வரை பாழடைந்து கிடந்தது. தெருவோரம் வண்டி நிறுத்துவது இலவசம். வாடிக்கையாளருக்கு மட்டும் இடம் கிடைக்காது. காரணம், கடை முதலாளிகளும் ஊழியர்களுமே காலையில் வந்து கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு மாலைவரை எடுக்கவில்லை. நம் ஊரில் கடை வாசலை மறைத்து நாள் முழுவதும் நிற்கும் பைக்குகள் யாருடையவை என்று ஒரு நாள் விசாரித்துப் பாருங்கள். பதில் பாசடினாவிலிருந்து அதிகம் மாறாது.

நகராட்சி கட்டண மீட்டர் வைக்கலாம் என்றது. கடைக்காரர்கள் மறுத்தார்கள். இழுபறிக்குப்பின் 1993-ல் ஓர் உடன்பாடு வந்தது: மீட்டரில் விழும் பணம் பொதுக் கஜானாவுக்குப் போகாது, அந்தக் கடைத்தெருவுக்கே திரும்ப வரும். அந்த வருமானத்தை நம்பி நகராட்சி கடன் வாங்கியது. நடைபாதைகளைப் புதுப்பித்தார்கள், மரம் நட்டார்கள், விளக்கு வைத்தார்கள், பின்சந்துகளைச் சுத்தம் செய்தார்கள். ஜனங்கள் திரும்பி வந்தார்கள். விற்பனை ஏறியது. எதிர்த்த கடைக்காரர்களே பிறகு மீட்டரை ஆதரித்தார்கள்.

கட்டணம் வாங்கியதால் மட்டும் இது நடக்கவில்லை. வாங்கிய பணம் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்ததால் நடந்தது.

இலவச இடத்தின் விலை

உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் 1935 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் வந்தது. யோசனை கார்ல் மகீ என்ற பத்திரிகையாளருடையது. அங்கேயும் அதே பிரச்சினைதான்: கடைத்தெருவில் வேலை செய்பவர்கள் நாள் முழுவதும் காரை நிறுத்திவிடுகிறார்கள், வாங்க வருபவர்களுக்கு இடமில்லை. மீட்டரின் நோக்கம் முதலில் பணம் சேர்ப்பதாக இருக்கவில்லை. ஒரு வண்டி கிளம்பி அடுத்த வண்டிக்கு இடம் விட வேண்டும், அதுதான்.

இந்தப் பொருளை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். 2025 பிப்ரவரியில் மறைந்தார். இலவச நிறுத்தத்துக்கு உண்மையில் எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்பதை விளக்கி 2005-ல் அவர் எழுதிய புத்தகம் பல நகராட்சிகளின் விதிகளை மாற்றியது. தன் பல்கலைக்கழகத்தை ஒட்டிய 15 தெருக்கட்டுகள் கொண்ட கடைத்தெருவில் அவர் அளந்து பார்த்தார். ஒருவர் நிறுத்த இடம் தேடிச் சுற்றும் நேரம் சராசரியாக 3.3 நிமிடம். கேட்டால் சிறிதாகத் தெரியும். ஆண்டு முழுவதும் வந்த அத்தனை வண்டிகளுக்கும் கூட்டினால், இடம் தேடி மட்டும் சுற்றிய தூரம் 9,50,000 மைல், அதாவது 15 லட்சம் கிலோமீட்டர். யாரும் எங்கும் போய்ச் சேராத பயணம்.

ஷூப் சொன்ன தீர்வு ஒரு வரியில் அடங்கும்: ஒவ்வொரு தெருவிலும் எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும்படி கட்டணம் வையுங்கள்; அந்தப் பணத்தை அந்தத் தெருவுக்கே செலவிடுங்கள்.

இதை நம் அளவில் பார்ப்போம். தமிழ்நாட்டின் கட்டட விதிகளில் ஒரு கார் நிறுத்தும் இடத்துக்கான அளவு 5 மீட்டருக்கு 2.5 மீட்டர். ஏறக்குறைய 134 சதுர அடி. கடைவீதியில் அந்த அளவில் ஒரு பெட்டிக்கடை பிடிக்க என்ன முன்பணம், என்ன மாத வாடகை என்று வியாபாரிகளுக்குத் தெரியும். அதே வீதியில், அதே அளவு நிலத்தில், காலை முதல் இரவுவரை ஒருவர் காரை நிறுத்திவைக்க ஒரு பைசா தருவதில்லை. அதே இடத்தில் ஆறு பைக்குகள் நிற்கும். அல்லது பூக்கட்டும் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து குடும்பம் நடத்துவார்கள்.

ஆக்கிரமிப்பு எது?

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டும். 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று ஊரில் அறிவிப்பு வந்தால் முதலில் தூக்கப்படுவது எது? கீரைக் கூடை. பூக்கடைப் பலகை. பழத் தள்ளுவண்டி. செருப்புத் தைப்பவரின் பெட்டி. மூன்று சதுர அடியில் பிழைப்பு நடத்துபவர் ஆக்கிரமிப்பாளர். 134 சதுர அடியை அடைத்து நிற்கும் காரோ 'பார்க்கிங்'. சொல்லை மாற்றிவிட்டால் நியாயம் மாறிவிடுமா?

2014-ல் நாடாளுமன்றம் இயற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டம், ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தெருவில் யாருக்கு எவ்வளவு இடம் என்ற பேச்சில் அவர்களுக்குச் சட்டப்படியே நாற்காலி உண்டு. அந்த நாற்காலியைப் போடாமல் வண்டி நிறுத்தத் திட்டம் தீட்டக் கூடாது.

நடப்பவர்களின் கணக்கு இன்னும் கொடுமையானது. 2022-ல் இந்தியச் சாலைகளில் விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஒரு நாளைக்கு 90 பேர். நடைபாதை இருந்தும் அதில் வண்டி நின்றதால் சாலையில் இறங்கியவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்று எந்த முதல் தகவல் அறிக்கையும் எழுதாது.

அதிகாரம் யாரிடம்?

"எங்களிடம் என்ன அதிகாரம் இருக்கிறது? ரோடு ஹைவேஸுக்குச் சொந்தம், டிராபிக் போலீஸுக்குச் சொந்தம்." கவுன்சிலர்கள் வழக்கமாகச் சொல்வது இது. பாதி உண்மை.

அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்காகச் சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகள் இருக்கின்றன. அதன் 17-வது இனம் தெருவிளக்கு, வண்டி நிறுத்துமிடம், பஸ் நிறுத்தம், பொதுக் கழிப்பிடம். வண்டி நிறுத்துமிடம் என்ற சொல் அரசியல் சட்டத்திலேயே உள்ளாட்சியின் பெயருக்கு நேராக எழுதியிருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-வது பிரிவு, வண்டிகள் நிற்கும் இடங்களை மாநில அரசோ அது அதிகாரம் அளித்தவரோ உள்ளாட்சியைக் கலந்தாலோசித்து முடிவு செய்யலாம் என்கிறது. நகர்மன்றம் ஒரு தெளிவான தீர்மானம் போட்டு, வரைபடத்தோடு ஆட்சியர் முன் வைத்தால் அதைத் தட்டிக்கழிப்பது எளிதல்ல. 2006-ன் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையும், வண்டி அடைக்கும் நிலத்தின் மதிப்புக்கு ஏற்பக் கட்டணம் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது.

உள்ளாட்சி முடிவெடுக்காவிட்டால் வேறு யாராவது எடுப்பார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அது சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. அடுத்த ஆண்டு ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்ற எண்ணிக்கையையும் நீதிமன்றமே வரையறுத்தது. மலையூர்களின் தெருக்கள் தாங்காத நிலைக்கு வந்தபின் வந்த மருந்து அது. சமவெளி ஊர்களும் அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டுமா?

தேரோடும் வீதி

வண்டியில்லாத வீதி நமக்கு அந்நியச் சரக்கு என்று யாரும் சொல்ல முடியாது. தேர்த் திருவிழா அன்று நம் ஊர்கள் என்ன செய்கின்றன? காலையிலேயே ரத வீதிகளில் ஒரு வண்டி கிடையாது. பஸ்கள் மாற்றுவழியில் போகின்றன. வெளியூர் வண்டிகளுக்கு ஊருக்கு வெளியே பொட்டல் ஒதுக்கியிருக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் அங்கிருந்து நடந்து வருகிறார்கள். வளையல் கடை, பஞ்சுமிட்டாய்க் கடை, பாத்திரக் கடை எல்லாவற்றிலும் அன்றைக்குத்தான் வியாபாரம் கொழிக்கிறது. பொன்தெவேத்ரா ஆண்டு முழுவதும் செய்வதை ஆண்டுக்கு ஒரு நாள் நாமும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் எல்லா நாளும் வண்டி இல்லாமல் ஜனங்கள் நடக்கிறார்கள்.

ஆனால் ஸ்பெயின் ஊரை அப்படியே இங்கே நகலெடுக்கவும் முடியாது. அங்கே கார் பிரச்சினை. இங்கே பைக்கும் ஆட்டோவும் சேர்ந்த பிரச்சினை. கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கும் மூதாட்டியின் வழியை அடைத்துவிட்டு, அதைச் சீர்திருத்தம் என்று சொல்லக் கூடாது. பஸ் கடைவீதிக்கு அருகில் வர வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் நிழலில்லாத வீதியில் யாரும் நடக்கமாட்டார்கள். எனவே இங்கே முதல் செலவு கருங்கல்லுக்கு வேண்டாம். மரத்துக்கும் பந்தலுக்கும் குடிதண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும் போகட்டும்.

நகர்மன்றம் நாளைக்கே தொடங்கலாம்

கோடிகள் தேவையில்லை. ஒரு தீர்மானமும் கொஞ்சம் பெயின்டும் சில வாரப் பொறுமையும் போதும்.

முதலில் எண்ணுங்கள். ஒரு கடைவீதி, ஒரு வாரம், காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. நிற்கும் வண்டி எத்தனை, எவ்வளவு நேரம் நிற்கிறது, யாருடையது. கூடவே நடந்து வருபவர்களையும் எண்ணுங்கள். நம் ஊர்களில் போக்குவரத்துக் கணக்கு எடுக்கும்போது யாரும் மனிதர்களை எண்ணுவதில்லை. கல்லூரி மாணவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம்.

இரண்டாவது, கடை முதலாளிகள், ஊழியர்களின் வண்டிகளுக்கு வீதிக்கு வெளியே மாதச் சீட்டில் தனி இடம் கொடுங்கள். நகராட்சியின் பழைய பள்ளி மைதானம், சந்தைத் திடல், கோயில் நிர்வாகத்தோடு பேசிப் பெறும் காலி மனை என்று ஊருக்கு ஊர் ஏதாவது ஒன்று இருக்கும். இது ஒன்றே வாடிக்கையாளர்களுக்குப் பெருமளவு இடத்தைத் திறந்துவிடும்.

மூன்றாவது, சரக்கு இறக்க நேரம் குறியுங்கள். அதிகாலையிலும் இரவிலும் லாரி. பகலில் தேவைப்பட்டால் சிறிய வண்டி, குறித்த இடத்தில், குறித்த நிமிடங்களுக்குள். மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆம்புலன்ஸுக்கும் எப்போதும் வழி.

நான்காவது, கட்டணம் வைத்தால் கணக்கைத் திறந்து வையுங்கள். பல ஊர்களில் கட்டண வசூல் ஆண்டுக் குத்தகைக்கு ஏலம் போகிறது. ஏலம் எடுத்தவருக்கு எவ்வளவு வண்டி நிற்கிறதோ அவ்வளவு லாபம். வீதி அடைபட்டால் அவருக்கென்ன? ரசீதில் உள்ளது ஒரு தொகை, கையில் கேட்பது ஒரு தொகை என்ற புகாரும் இங்கிருந்துதான் பிறக்கிறது. வசூல் எவ்வளவு, அதில் இந்த வீதிக்கு என்ன செய்தோம் என்று வீதி முனையிலேயே பலகை வையுங்கள். பாசடினாவின் வெற்றி ரகசியம் அந்தப் பலகையில்தான் இருக்கிறது.

ஐந்தாவது, ஒரே ஒரு வீதியில், வாரம் ஒரு நாள் மாலை, வண்டியில்லாமல் நடத்திப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து வணிகர் சங்கத்தைக் கூப்பிட்டு விற்பனை ஏறியதா இறங்கியதா என்று கேளுங்கள். இறங்கியிருந்தால் கைவிடுங்கள். ஏறியிருந்தால் நாள்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

2022 பிப்ரவரியில் நகர உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது தமிழ்நாட்டில் 138 நகராட்சிகளும் 490 பேரூராட்சிகளும் இருந்தன. அவற்றில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. கைப்பிள்ளையோடு கடைவீதியில் நடப்பது எப்படியிருக்கும் என்று அந்தப் பெண் உறுப்பினர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பல பொருள்களுக்கு இடையே ஒரு வரியாக வந்து போகும் 'வாகன நிறுத்தம்' என்ற பொருளை, ஒரு முழு நாள் விவாதமாக மாற்ற அவர்களால் முடியும்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நவம்பர் 1 உள்ளாட்சி தினம். 2022 முதல் நகரப் பகுதிகளிலும் பகுதி சபை கூடுவதற்கு விதி இருக்கிறது. உங்கள் வார்டில் சபை கூடும்போது குடிதண்ணீர், சாக்கடையோடு இதையும் கேளுங்கள்: "நம் கடைவீதியில் நடப்பவருக்கு எத்தனை அடி, வண்டிக்கு எத்தனை அடி? அதை முடிவு செய்த தீர்மானம் எங்கே?" தீர்மானம் இல்லை என்றால், எழுதும்படி மனுக் கொடுங்கள். பதில் வரும்வரை ஒவ்வொரு சபையிலும் கேளுங்கள்.

பொன்தெவேத்ராவில் ஒரு மருத்துவர் 12 ஆண்டுகள் எதிர்க்கட்சியில் உட்கார்ந்து இதே கேள்வியைச் சுமந்தார். பதவி வந்ததும் அவருக்கு ஒரு மாதம் போதுமானதாக இருந்தது.